வயர் எங்கே எரிய ஆரம்பித்தது

என் கொழுந்தனாரை எங்கள் தெருவில் எல்லோரும் ‘பல்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன பல்பு இருக்கும். அதிலிருந்து இரண்டு வயர் தொங்கும். ஒரு முனையை வண்டியின் இரும்பில் வைத்துவிட்டு, மறு முனையால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போவார். பல்பு எரிந்தால் அதுவரைக்கும் கரண்ட் வருகிறது, எரியாவிட்டால் வரவில்லை. அவருடைய ஆயுதம் அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்கள் பெயரைக் கேட்டுவிட்டு, மனிதர் எங்கேயோ நன்றாக ஏமாந்திருக்கிறார் போல என்று சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். கோபப்படத் தெரியாத ஆள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து நானே கோபப்பட்டுக்கொள்வேன்.

கீழே கடை, மேலே வீடு. எங்களிடம் வருவதெல்லாம் பழைய மோட்டார் சைக்கிள்கள். புது வண்டிக்காரர்கள் கண்ணாடி போட்ட கடைகளுக்குப் போய்விடுவார்கள். இன்ஜின் என் வீட்டுக்காரர் பொறுப்பு, வயரிங் தம்பி பொறுப்பு. உதிரி பாகங்களும், வருகிறவர்களிடம் வாயாடுவதும் என் பொறுப்பு. கல்யாணமாகி வந்த புதிதில், சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் கீழே இறங்கி வந்தவள், பத்தொன்பது வருடமாக அந்த மேஜையை விடவில்லை. சீட்டைக் கழற்றவும் டேங்கை மாட்டவும் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றவும் எனக்கும் தெரியும். தெரியும் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தம்பி வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் யாருக்கும் பொறுமை போய்விடும். வண்டி வந்ததும் அதைத் தொட மாட்டார். வண்டிக்காரரை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுப்பார். எப்போது நின்றது, மழையிலா வெயிலிலா, திரும்பும்போதா நேராகப் போகும்போதா, கடைசியாக அதில் கை வைத்தது யார், அவர் எதை எதைக் கழற்றினார். பிறகு ஓர் அட்டையை எடுத்து அந்த வண்டியின் வயர்களைப் படமாக வரைவார். பல்பை வைத்துத் தொட்டுப் பார்த்த இடத்தில் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. கோடு போடாத இடத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. ‘இதுவாகத்தான் இருக்கும்’ என்கிற பேச்சே அவரிடம் கிடையாது. கேட்டால், “தெரியலைங்க, பார்க்கணும்” என்பார். கடை வைத்திருக்கிறவன் சொல்லக் கூடாத வார்த்தை அது. எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்டால்தானே.

ஒரு தடவை, வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவர் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் எரிகிறது, இண்டிகேட்டரைப் போட்டால் ஹாரன் முனகுகிறது. பேய் பிடித்த மாதிரி ஒன்றை அழுத்தினால் இன்னொன்று பதில் சொல்கிறது. வேறு இரண்டு கடைகளில் பேட்டரியை மாற்றினார்களாம், ஹாரனை மாற்றினார்களாம், சுவிட்சை மாற்றினார்களாம். தம்பி இரண்டு மணி நேரம் பேசினார், வரைந்தார், தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் மேஜையிலிருந்து முறைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் சீட்டுக்கு அடியில் ஒரு போல்ட்டைக் கழற்றி, அதற்குக் கீழே இருந்த பெயிண்டைக் கத்தியால் சுரண்டிவிட்டு மறுபடி முடுக்கினார். பேய் ஓடிப் போய்விட்டது. கரண்ட் திரும்பிப் போக வேண்டிய எர்த் வயரை யாரோ பெயிண்ட் மேலேயே முடுக்கி வைத்திருக்கிறார்கள்.

“இதுக்கா தம்பி ரெண்டு மணி நேரம்?” என்றேன்.

“சுரண்டறதுக்கு அரை நிமிஷம்தான் அண்ணி. எங்க சுரண்டணும்னு தெரியணும்ல.”

இப்படிப்பட்ட ஆள் கையில் வேலை முடிந்து போன வண்டி ஒன்று மூன்றே வாரத்தில் நடுரோட்டில் தீப்பிடித்தது. நான் சொல்ல வந்தது அதைத்தான்.

அது நூலகத்தில் வேலை பார்க்கும் பெண்ணின் வண்டி. முப்பது வயதிருக்கும், அப்பா ஓட்டிய வண்டியை விற்க மனமில்லாமல் தானே ஓட்டிக்கொண்டிருந்தாள். ஓடும்போதே திடீரென்று இன்ஜின் செத்துப் போகிறது, பத்து நிமிடம் கழித்துத் தானாக உயிர் வருகிறது என்று வந்தாள். ஹேண்டில் திரும்பும் இடத்தில், மேலே ரப்பர் உறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு மட்டும் அறுந்திருப்பதைத் தம்பி கண்டுபிடித்தார். அந்தத் துண்டை வெட்டி எடுத்து, புது வயர் வைத்து, ஈயம் வைத்து ஜாயின்ட் போட்டார். பேட்டரி பக்கத்தில் புது ஃபியூஸும் போட்டார். எல்லாம் முடிந்து மதியம் சாப்பிட மேலே போனபோது அந்தப் பெண் வந்து நின்றாள். நூலகம் திறக்க நேரமாகிவிட்டது, உடனே போக வேண்டும் என்றாள். என் வீட்டுக்காரர் வேறு வண்டியை ஓட்டிப் பார்க்கப் போயிருந்தார். டேங்க் ஒன்றுதான் பாக்கி. நானே மாட்டி, சாவியைக் கையில் கொடுத்து அனுப்பினேன். அதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் டேங்குக்கு அடியிலிருந்து புகை வந்திருக்கிறது. அவள் நிறுத்துவதற்குள் தீ வலது காலைப் பிடித்துவிட்டது. பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் மணலை அள்ளிக் கொட்டி அணைத்திருக்கிறார்கள். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை வெந்து போய், பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

செய்தி வந்த அன்று என் வீட்டுக்காரர் போய் எரிந்த வண்டியைப் பார்த்துவிட்டு வந்தார். முகம் சரியில்லை.

“ஃபியூஸ் அப்படியே முழுசா இருக்குடா,” என்றார் தம்பியிடம். “வயர் தீப்பிடிச்சு எரிஞ்சிருக்கு, ஃபியூஸ் போகலை. அப்ப நீ என்ன ஃபியூஸ் போட்டே?”

“சரியான ஃபியூஸ்தான் அண்ணா.”

“அப்புறம் எப்படி எரியும்? உன் ஜாயின்ட்டா?”

தம்பி கையைத் துணியில் துடைத்தார். பிறகு, “தெரியலை அண்ணா, பார்க்கணும்” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஒரு பெண் கால் வெந்து கிடக்கிறாள், இவர் தெரியலை என்கிறார். அவளைப் போய்ப் பார்த்து, தப்பு என்னுடையதுதான் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று நான்தான் பிடித்துத் தள்ளினேன். போனார். போய், அங்கேயும் அதையேதான் சொல்லியிருக்கிறார். “என் வேலையாலயா, வேற எதாலயான்னு இன்னும் தெரியலைம்மா. வண்டியைக் கொடுங்க. எங்க ஆரம்பிச்சதுன்னு கண்டுபிடிச்சுட்டு நானே வந்து சொல்றேன்” என்று. அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாளாம். ஆனாலும் வண்டியைக் கொடுக்கச் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து அவர் வேறு வண்டியைத் தொடவில்லை. கடைக்குப் பின்னால் பழைய டயர் போட்டு வைக்கும் அறையைக் காலி செய்து, இரண்டு டிரம் மேல் ஒரு பழைய கதவைப் படுக்க வைத்து, அதன் மேல் என்னுடைய வெள்ளைப் போர்வையை விரித்தார். கேட்காமலே எடுத்தார். அதற்கும் ஒரு சண்டை போட்டேன். எரிந்த வயர்க் கட்டை நுனி முதல் அடி வரை அப்படியே தூக்கி அந்தப் போர்வையில் கிடத்தினார். பல் தேய்க்கும் பிரஷால் ஒவ்வோர் அங்குலமாகக் கரியைத் துடைக்க ஆரம்பித்தார்.

“இதுல என்னத்தைப் பார்க்கப் போறீங்க? எல்லாம்தான் கருகிப் போச்சே,” என்றேன்.

“கருகினது போகும் அண்ணி, செம்பு போகாது. வெளித் தீயில வெந்த செம்பு கறுக்கும், உடையும், ஆனா உருகாது. பொறி பறந்த இடத்துல மட்டும்தான் உருகி ஒரு மணி மாதிரி உருண்டு நிக்கும். அந்த மணி எங்க இருக்கோ அங்கதான் ஆரம்பிச்சிருக்கு.”

“உங்க ஜாயின்ட்ல இருந்தா?”

“இருந்தா என் தப்பு. அதைத்தானே பார்க்கணும்.”

ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. வயரிங் வேலைக்கு வந்த வண்டிகள் வரிசையாகத் திரும்பிப் போயின. தண்ணீர் கேன்காரர்கூட ஹெட்லைட்டுக்காக வந்துவிட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கிளம்பினார். தெருவில் பேச்சு வேறு கிளம்பிவிட்டது. பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று யாரோ சொன்னார்களாம், அதை என் காது படவே இன்னொருவர் சொல்லிச் சிரித்தார். அவரை நான் கடை வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். அனுப்பிவிட்டு, உள்ளே போய்த் தம்பியிடம் அவரை விட மோசமாகக் கத்தினேன்.

அண்ணன் தம்பி பேச்சு நின்று போனது. சாப்பாட்டு மேஜையில் இருவருக்கும் நடுவே நான் உட்கார்ந்து, இந்தப் பக்கம் ஒரு கரண்டி அந்தப் பக்கம் ஒரு கரண்டி என்று போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். ஒண்ணு, தப்பு பண்ணிட்டேன்னு ஒத்துக்கிட்டு வேலையைப் பார்க்கணும். இல்லைன்னா அவன் வழி அவனுக்கு, என் வழி எனக்கு. வேற ஆள் வச்சுக்கறேன்.”

இதை அவர் வாயால் சொன்னாரே தவிர, சொல்லச் சொன்னது நான்தான். முந்தின நாள் மாடிப்படியில் நிறுத்தி, இப்படி ஒரு கெடு வைத்தால்தான் உங்கள் தம்பி வழிக்கு வருவார் என்று ஓதியிருந்தேன். இருபது வயதிலிருந்து இந்தக் கடையைத் தவிர வேறு இடம் தெரியாதவர் அவர். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. எங்கே போவார், ஒத்துக்கொள்வார் என்பது என் கணக்கு. தம்பி தன் தட்டிலிருந்த சோற்றை முழுக்கச் சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனார்.

மாசக் கடைசிக்கு நான்கு நாள் இருந்தபோது, பேசி முடித்துவிடலாம் என்று காலையில் அந்த அறைக்குப் போனேன். அவர் இல்லை. அதே மாதிரி வண்டி இன்னொருவர் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டு அதைப் பார்க்கப் போயிருந்தார். போர்வையில் கறுத்த வயர்கள் செத்த பாம்பு மாதிரி கிடந்தன. பக்கத்தில் அவருடைய அட்டை. சும்மாதான் எடுத்துப் பார்த்தேன்.

படத்தில் முன்பக்கம், ஹேண்டில் அருகே, அவருடைய ஜாயின்ட் இருந்த இடத்தில் எழுதியிருந்தார்: ‘ஈயம் உருகிப் போயிருக்கு. செம்பு முறுக்கு அப்படியே இருக்கு. மணி இல்லை.’ அதற்குத் தேதி. பின்பக்கம், டேங்க் முடியும் இடத்தில், ஒரு வட்டம்: ‘இங்கே மணி. பைப்பில் சின்னக் குழி. டேங்க் விளிம்பில் நேர் எதிரே இன்னொரு குழி. ரப்பர் 1.’ அதற்கும் தேதி. பதினாறு நாளைக்கு முந்தைய தேதி.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பதினாறு நாளைக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டு, வாயைத் திறக்காமல் வீட்டை இப்படி இரண்டாக்கி வைத்திருக்கிறாரே என்று. அதற்குப் பிறகுதான் அந்தக் கடைசி வார்த்தை மண்டையில் ஏறியது. ரப்பர் ஒன்று.

அந்த வண்டியின் டேங்குக்குப் பின்பக்கம், போல்ட்டுக்கு அடியில் இரண்டு ரப்பர் வரும், ஒன்றின் மேல் ஒன்றாக. அவற்றின் மேல்தான் டேங்க் உட்காரும், அடியில் ஓடும் சட்டத்துப் பைப்பிலும் வயர்க் கட்டிலும் இடிக்காமல். அன்றைக்கு மதியம் நான் டேங்கைத் தூக்கியபோது பழைய ரப்பர் இரண்டும் பிய்ந்து கையோடு வந்தன. பிய்ந்த ரப்பரைத் திரும்பப் போட எனக்கு மனசு வராது. உதிரி பாகம் விற்கிறவளுடைய கர்வம் அது. டப்பாவைத் திறந்தால் உள்ளே ஒன்றே ஒன்று கிடந்தது. அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போதைக்கு ஒன்று போதும், ஸ்டாக் வந்ததும் கூப்பிட்டுப் போட்டுவிடலாம் என்று அந்த ஒன்றை மட்டும் போட்டு முடுக்கினேன். டேங்க் கொஞ்சம் தாழ்ந்துதான் உட்கார்ந்தது. அடுத்த வாரமே ஸ்டாக் வந்தது, கொக்கியில் மாட்டி வைத்தேன், அவளைக் கூப்பிட மறந்து போனேன். மறந்தேன் என்பதைக்கூட மறந்து போனேன். இத்தனை நாள் கத்தினேனே, ஒரு நிமிடம்கூட அது என் நினைவுக்கு வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

ஓரத்தில் மிஞ்சிக் கிடந்த ஒரு டயர் மேல் உட்கார்ந்தேன். அட்டையைத் திருப்பினால் பின்னால் இன்னும் எழுதியிருந்தது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு தேதி. ‘என் ஜாயின்ட் மறுபடி பார்த்தேன். மணி இல்லை.’ மறுநாள்: ‘ஜாயின்ட் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மணி இல்லை.’ இப்படியே ஒன்பது வரி.

அவர் திரும்பி வந்தபோது நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கையில் அட்டை. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஒரு ரப்பர் போட்டா டேங்க் எவ்வளவு இறங்கும்னு பார்க்கப் போனேன் அண்ணி,” என்றார். “அந்த வண்டியில ஒண்ணைக் கழட்டி வச்சுப் பார்த்தேன்.”

“இறங்கி?”

“விளிம்பு நேரா வயர்க் கட்டு மேல உட்காருது. ஓட ஓட உரசும். முழுசா தொட்டிருந்தா ஃபியூஸ் போயிருக்கும். இது விட்டு விட்டுத் தொட்டிருக்கு. ஃபியூஸ் போறதுக்குள்ள ரப்பர் உறை பத்திக்கிச்சு.”

“ஒரு ரப்பர்தான் இருந்ததுன்னு எப்படித் தெரியும்? அதுதான் எரிஞ்சு போச்சே.”

“ஒவ்வொரு ரப்பருக்கும் அடியில ஒரு தகர வாஷர் உண்டு. அது எரியாது. போல்ட்டுல ஒரு வாஷர்தான் இருந்துச்சு.”

எப்போதும் போல நிதானமாகத்தான் சொன்னார். யார் மாட்டியது என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது.

“பதினாறு நாளா ஏன் தம்பி சொல்லலை? உங்க அண்ணன் வீட்டை விட்டுப் போன்னு சொன்னாரே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே. நான் எவ்வளவு பேசினேன் உங்களை.”

அவர் சட்டைப் பையிலிருந்த பல்பை எடுத்து அதன் வயரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“என்னோட ஜாயின்ட்டா இருக்கணும்னு திரும்பத் திரும்பப் பார்த்தேன் அண்ணி. இல்லை.”

நான் எழுந்து நேராகக் கடைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் ஓர் இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டப்பாவில் ஒன்றுதான் இருந்தது என்பதையும், கூப்பிட மறந்ததையும், கெடு வைக்கச் சொல்லி மாடிப்படியில் நான் ஓதியதையும்கூடச் சேர்த்துச் சொன்னேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அவனை வெளிய போன்னு சொல்லிட்டேனே,” என்றார். அதையே இரண்டு தடவை சொன்னார். பிறகு எழுந்து பின்னறைக்குப் போனார். உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது, போய் ஒட்டுக் கேட்கும் யோக்கியதையும் அன்று எனக்கு இல்லை.

அன்று மாலையே நூலகப் பெண்ணின் வீட்டுக்குக் கிளம்பினோம். தம்பி தான் மட்டும் போகிறேன் என்றார். “கண்டுபிடிச்சுட்டு வந்து சொல்றேன்னு நான்தானே அண்ணி சொன்னேன்.” நான் விடவில்லை. இத்தனை நாள் அடுத்தவரைத் துரத்தியவள், என் முறை வரும்போது வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா. ஆனால் வழியெல்லாம் யோசித்தும் என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று ஒன்றும் பிடிபடவில்லை.

அவளே கதவைத் திறந்தாள். கைத்தடி ஊன்றியிருந்தாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை, கதவைப் பிடித்தபடி நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி சொல்ல ஆரம்பித்துவிட்டார். மணி இருந்த இடம், குழி, வாஷர், ஃபியூஸ் ஏன் போகவில்லை என்பது எல்லாவற்றையும், ஒன்றும் விடாமல், வரிசையாக. அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அப்ப ஒரு ரப்பர் குறைஞ்சதாலதானா?” என்றாள்.

“டேங்க் மாட்டினது எங்க அண்ணி. ரப்பர் ஒண்ணுதான் இருந்துச்சு, அது ஒரு காரணம். ஆனா வயர்க் கட்டை அந்தப் பைப்போட சேர்த்துப் பிடிக்கிற கிளிப் ஒண்ணு உண்டு. நான் வேலை முடிச்சுட்டு அதை மூடாம சாப்பிடப் போயிட்டேன். மூடியிருந்தா டேங்க் இறங்கினாலும் வயர் நசுங்கியிருக்காது. அதனால தப்பு ரெண்டு பேர் மேலயும்தான். மன்னிச்சுக்கோங்க.”

எனக்கு அது புது விஷயம். அட்டையில் அதைப் படித்த ஞாபகம் இல்லை. ஆனாலும் அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்ததை மறைக்க மாட்டேன். தலையில் இருந்த சுமையைப் பாதி யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நானும் மன்னிப்புக் கேட்டேன். இரண்டே வார்த்தை, எப்படியோ முடித்துவிட்டேன். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“தீப்பிடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நாளாவே ஏதோ கருகற வாடை வந்துச்சு,” என்றாள். “நான்தான் கவனிக்காம ஓட்டினேன்னு நினைச்சு, இத்தனை நாளா என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன். சொன்னதுக்கு நன்றிங்க. கால் வலிக்குது, நான் உட்காரணும்.” கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பின்னறையைக் கூட்டப் போனேன். எரிந்த வண்டியின் எலும்புக்கூடு சுவரோரம் சாய்ந்திருந்தது. நேற்று அவர் சொன்ன கிளிப் எது என்று பார்க்கத் தோன்றியது. டேங்க் உட்காரும் பைப்பில் தேடினேன். வளைத்து மூடும் இரும்புக் கிளிப், கரியை விரலால் துடைத்தால் நன்றாகத் தெரிந்தது. அது மூடியிருந்தது. மூடி, நுனியை மடக்கி, தம்பி எப்போதும் செய்வது போல அதைக் குறட்டால் ஒரு முறை அழுத்தியும் விட்டிருந்தார். வயர்க் கட்டை உருவி எடுத்தபோது அறுந்த கறுத்த செம்பு நூல் இரண்டு உள்ளே இன்னும் சிக்கியிருந்தது. பத்தொன்பது வருடத்தில் அந்த மனிதர் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

கடையில் அவர் தண்ணீர் கேன்காரரின் ஹெட்லைட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு முதல் வண்டி. அவர் முன்னால் போய் நின்றேன்.

“தம்பி, அந்தக் கிளிப் மூடியிருக்கு.”

அவர் நிமிரவில்லை. “ஆமா அண்ணி.”

“நேத்து அந்தப் பொண்ணுகிட்ட திறந்திருந்துச்சுன்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“ஏன்?”

ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றித் தட்டில் போட்டார். இன்னொன்றையும் கழற்றினார். தண்ணீர் கேன்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார்.

“நீங்க அங்க அழுதுடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு,” என்றார். “நான் உங்களை அப்படிப் பார்த்ததே இல்லை.”

“அழுதா அழுதுட்டுப் போறேன். எனக்காகப் பொய் சொல்ற வேலை வேண்டாம்,” என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். அவர் பல்பை எடுத்து வயரின் முனையில் வைத்தார். நான் மேஜையைப் பூட்டினேன். செருப்பை மாட்டிக்கொண்டு தனியாக அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நடந்தேன். கதவைத் தட்டி, கிளிப் மூடித்தான் இருந்தது, மூடியிருந்தும் டேங்க் இறங்கி வயரை நசுக்கிவிட்டது, அவர் சொன்னதில் அது மட்டும் பொய், தப்பு முழுக்க முழுக்க என்னுடையதுதான் என்றேன். சொல்லி முடித்ததும், அவர் பயந்தபடியே, அந்த வாசலில் நின்று அழுதேன்.